குடியிருந்தவர் போய்விட்டார், வாடகைப் பாக்கி நிற்கிறது: தென்னாப்பிரிக்காவில் அதை வாங்கும் வழி

எங்கள் தெருவில் அவுட்பில்டிங் கட்டி வாடகைக்கு விடாத வீடு குறைவு. டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதி முழுக்கவே அப்படித்தான். முன்வீட்டில் குடும்பம், பின்னால் இரண்டு அறையும் ஒரு குளியலறையும். அந்த வாடகையில்தான் பலருக்கு வீட்டுக் கடனும் தண்ணீர் பில்லும் ஓடுகிறது. அதனால் ஒருவர் மூன்று மாதம் கொடுக்காமல் இருந்துவிட்டு ஓர் இரவில் காணாமல் போனால், அடி நேராக அடுப்படியில் விழும்.

எனக்கும் விழுந்தது. ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு, என் வீட்டில் குடியிருந்தவர் தன் சொந்தக்காரருடைய பக்கியை (பின்னால் சாமான் ஏற்றும் சின்ன வண்டி) கொண்டுவந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். "பாக்கி வைத்தவன் பக்கியில் போனான்" என்று என் மாமியார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். கோயிலில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் என் விஷயம் முடிந்த பிறகு மற்றவர்களும் தாள்களைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. தொகை பெரிதானால் வக்கீலைப் பாருங்கள். இது இருபதாயிரம் ரேண்டுக்குள் மாட்டிக்கொண்டு, வக்கீலுக்குக் கொடுத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காதே என்று யோசிக்கிறவர்களுக்கு.

படி 1: உண்மையிலேயே போய்விட்டாரா?

கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். கட்டில் கிடக்கிறது, துணி கொடியில் தொங்குகிறது, ஆளை இரண்டு வாரமாகக் காணோம். உடனே பூட்டை மாற்றிவிடுகிறோம். பிறகு அவர் போலீஸோடு வந்து நிற்கிறார். கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 26-ஆம் பிரிவே சொல்கிறது. சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் (PIE) அதற்கான முறையை விரிவாக வைத்திருக்கிறது. குடியிருப்பவரைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியே பூட்டி வைப்பது குற்றமாகவே ஆகிவிடும்.

ஆகவே எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் போதும்: "வீட்டைக் காலி செய்துவிட்டீர்களா? சாவி எங்கே?" எனக்கு வந்த பதில் இரண்டே வரி. "போய்விட்டேன். சாவி துளசி மாடத்துக்குப் பின்னால்." அந்த இரண்டு வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேதி தெரியும்படி அச்சடித்து வைத்தேன். பின்னால் கேட்ட பல கேள்விகளுக்கு அதுவே பதில் ஆனது.

சொல்லாமல் போனவர் விஷயத்தில் 1999-ஆம் ஆண்டின் 50-ஆம் எண் வீட்டு வாடகைச் சட்டம் நமக்குச் சாதகமாக ஒன்று சொல்கிறது. அவர் போய்விட்டார் என்று நீங்கள் கண்டறிந்த நாளில் லீஸ் (வாடகை ஒப்பந்தம்) முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம். அவர் ஒப்பந்தத்தை மீறியதால் உங்களுக்கு வந்த உரிமைகள் எதுவும் அதனால் போய்விடாது.

எழுதிய லீஸ் இல்லையே என்று கலங்க வேண்டாம். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் அந்தச் சட்டப்படி செல்லும். மாதாமாதம் வந்த பணத்தின் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் பழைய செய்திகளும் சேர்ந்து லீஸின் வேலையைச் செய்யும்.

படி 2: வீட்டைப் பார்ப்பது

வாடகைப் பாக்கி வேறு, சேதம் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இரண்டும் அவிழ்ந்துவிடும்.

லீஸ் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அவர் எதிரில் நீங்கள் பார்க்கத் தவறினால், வீடு நல்ல நிலையில் இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். உடைந்த கதவுக்கும் கருகிய சுவருக்கும் பிறகு கேட்க முடியாது. நீங்கள் கூப்பிட்டும் அவர் பதிலே சொல்லவில்லை என்றால் வேறு கணக்கு: லீஸ் முடிந்த ஏழு நாளுக்குள் நீங்களே பார்த்துச் சேதத்தை மதிப்பிட வேண்டும். அதனால் போனவரானாலும் சரி, "செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு வீட்டைப் பார்க்கிறேன், வாருங்கள்" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். வரமாட்டார். வராததுதான் உங்களுக்கு வேண்டிய சாட்சி. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு போட்டோ எடுங்கள்.

விட்டுப்போன சாமான்களைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு: "ஃப்ரிட்ஜ் இங்கேதான் இருக்கிறது, விற்று எடுத்துக்கொள்ளலாம்." கூடாது. வாடகைப் பாக்கிக்காக வீட்டில் இருக்கும் பொருள்கள்மீது வீட்டுக்காரருக்கு ஓர் உரிமை தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் உண்டு என்பது நிஜம். ஆனால் அதைக் கோர்ட் மூலமாகத்தான் செயல்படுத்த வேண்டும். பொருள் வெளியே போனதும் பொதுவாக அந்த உரிமையும் கூடவே போய்விடும். பட்டியல் போட்டு, போட்டோ எடுத்து, ஒரு மூலையில் வைத்து, வந்து எடுத்துப்போகச் சொல்லி எழுதுங்கள். அதற்குமேல் கை வைக்க வேண்டாம்.

படி 3: ஒரே தாளில் கணக்கு

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இது. எல்லாரும் அவசரமாகத் தாண்டிப்போவதும் இதைத்தான்.

பாதிப் பேர் என்னிடம் வந்து, "ஒரு பதினஞ்சாயிரம் வரும் தம்பி" என்பார்கள். எப்படி என்று கேட்டால் "மூணு மாசம், கரண்ட், அப்புறம் அவன் பேசின பேச்சு" என்பார்கள். பேச்சுக்குத் தொகை இல்லை. "ஒரு பதினஞ்சாயிரம்" என்று எந்தக் கோர்ட்டும் எழுதாது. சென்ட் வரை எழுத வேண்டும்.

என் கணக்கு இப்படி இருந்தது. மாத வாடகை 4,800 ரேண்ட், ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கொடுக்க வேண்டும். ஏப்ரலில் 2,000 மட்டும் வந்தது, குறை 2,800. மே மாதம் ஒன்றும் இல்லை, 4,800. ஜூனும் இல்லை, 4,800. ஒப்பந்தப்படி அவர் கட்ட வேண்டிய தண்ணீர் பில் 640. அவர் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்காமல் போனார். ஜூலைக்கு முழு வாடகையும் கேட்கலாமா? புதுக் குடித்தனக்காரர் ஜூலை 16 அன்று வந்துவிட்டார். அதற்குப் பிறகு நஷ்டம் இல்லை. அதனால் பாதி மாதம், 2,400. மொத்தம் 15,440.

இனி கழிக்க வேண்டியது. டெபாசிட் 4,800. அதை வட்டி வரும் கணக்கில் போட்டு வைக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வட்டியும் குடியிருந்தவருடையதே. எனக்கு வந்த வட்டி 212. ஆக 5,012 கழித்தால் மிச்சம் 10,428 ரேண்ட்.

டெபாசிட்டிலிருந்து வாடகைப் பாக்கியைக் கழிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ரிப்பேருக்குக் கழித்தால் ரசீதுகளை அவர் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். கழித்த பிறகும் மிச்சம் இருந்தால், வீடு உங்கள் கைக்குத் திரும்பிய 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் கூப்பிட்டும் அவர் வீட்டைப் பார்க்க வராத பட்சத்தில் லீஸ் முடிந்ததிலிருந்து 21 நாள். டெபாசிட்டைச் செலவழித்துவிட்டவர்கள் நம்மில் உண்டு, தெரியும். அப்படியானாலும் கணக்கில் அதைக் காட்டுங்கள், நியாயமான வட்டியும் சேர்த்தே. மறைத்தால் எதிராளி முதலில் தூக்குவது அதைத்தான்.

லீஸ் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கும்போது போய்விட்டால் எட்டு மாத வாடகையும் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்துகிற லீஸ்களில், 20 வேலை நாள் நோட்டீஸில் குடியிருப்பவர் இடையிலேயே முறித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்கு நியாயமான ரத்துக் கட்டணம் மட்டும்தான். அந்தச் சட்டம் பொருந்தாத இடத்திலும், வீட்டைச் சும்மா பூட்டி வைத்துவிட்டு நஷ்டத்தை வளர்க்க முடியாது. புது ஆள் தேட நீங்கள் போட்ட விளம்பரத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

தாமத வட்டிக்கு லீஸில் விகிதம் எழுதாவிட்டால் சட்ட விகிதம் பொருந்தும். அது ரிசர்வ் பேங்கின் ரெப்போ விகிதத்தோடு 3.5 சதவீதப் புள்ளி சேர்த்தது. வட்டி எவ்வளவு ஏறினாலும் பாக்கி அசலைத் தாண்டக் கூடாது.

படி 4: மூன்று வருஷக் கெடு

1969-ஆம் ஆண்டுக் காலாவதிச் சட்டப்படி இந்த மாதிரிக் கடனுக்கு ஆயுள் மூன்று வருஷம். அவர் போன நாளிலிருந்து எண்ணுவது தப்பு. ஒவ்வொரு மாத வாடகையும் அது கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து தனித்தனியாக ஓடுகிறது. ஏப்ரல் வாடகை ஏப்ரலில் செத்துப்போகும், மே வாடகை மேயில்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், நீங்கள் எழுதும் நோட்டீஸ் அந்த ஓட்டத்தை நிறுத்தாது என்பது. நூறு வாட்ஸ்அப் அனுப்பினாலும் நிற்காது. நிறுத்துவது இரண்டு: கோர்ட் சம்மன் அவர் கையில் சேருவது, அல்லது கடன் உண்டு என்று அவரே ஒப்புக்கொள்வது. "அண்ணா, அடுத்த மாசம் பாக்கியைக் கொடுத்துடுறேன்" என்று அவர் அனுப்பிய ஒரு வரி தங்கம். அதை அழித்துவிட்டு அவர் திட்டினதை மட்டும் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 5: ஆள் எங்கே?

வீட்டுக்கு வரும்போது அவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தைத் தேடுங்கள். ஐடி எண், வேலை செய்யும் இடம், ஊரில் இருக்கும் அக்கா வீட்டு முகவரி. ஐடி எண் இருந்தால் ஆள் தேடித் தரும் ஏஜென்ட்கள் ஒரு கட்டணத்துக்குப் புது முகவரி தேடித் தருவார்கள். வீடு வாங்கியிருந்தால் சொத்துப் பத்திரங்களைப் பதியும் டீட்ஸ் ஆபீஸில் பெயர் இருக்கும். கம்பெனி நடத்துகிறவரானால் கம்பெனிப் பதிவகத்தில் பார்க்கலாம்.

எதுவும் கிடைக்காத சூழ்நிலைக்கு நம் ஊரிலேயே நடந்த ஒரு விஷயம்: 2012-இல் டர்பன் உயர்நீதிமன்றம், நழுவிக்கொண்டிருந்த ஒரு தரப்புக்கு வழக்கின் அறிவிப்பை ஃபேஸ்புக் செய்தியாக அனுப்ப அனுமதித்தது. அதற்கு முதலில் கோர்ட்டில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். நீங்களாக ஃபேஸ்புக்கில் சம்மன் அனுப்பினால் செல்லாது.

தேடுகிற வேகத்தில் அவர் படத்தையும் ஐடியையும் வட்டார வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "இந்த ஆளுக்கு வீடு கொடுக்காதீர்கள்" என்று எழுத வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஒருபக்கம், அவதூறு மறுபக்கம். பத்தாயிரம் வாங்கப் போய் அதைவிடப் பெரிய வழக்கில் நிற்பீர்கள். முறையாகச் செய்ய வழி உண்டு. வாடகைப் பதிவுகளை வைத்திருக்கும் டிபிஎன் போன்ற கிரெடிட் பீரோவில் பதியலாம். அதற்குமுன் 20 வேலை நாள் அவகாசம் கொடுத்து அவருக்கு எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், சில பேருக்குக் கோர்ட்டைவிட இந்தக் கடிதம்தான் வலிக்கிறது. அடுத்த வீடு கிடைக்காதே.

படி 6: டிமாண்ட் கடிதம்

இங்கிலீஷில் எழுதுங்கள், கோர்ட்டில் அதுதான் நடக்கும். பொருள் இவ்வளவுதான்:

"நீங்கள் இந்த முகவரியில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை மாதம் 4,800 ரேண்ட் வாடகைக்குக் குடியிருந்தீர்கள். இணைத்துள்ள கணக்கின்படி டெபாசிட்டையும் வட்டியையும் கழித்த பிறகு 10,428 ரேண்ட் பாக்கி. இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் கீழ்க்கண்ட பேங்க் கணக்கில் கட்டவும். தவறினால் சிறு உரிமைக் கோர்ட்டில் (Small Claims Court, சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்) வழக்குத் தொடர்வேன்."

இதில் கோபத்துக்கு இடமில்லை. ஒரு அக்கா எழுதிக்கொண்டு வந்த கடிதத்தில் மூன்று பக்கம் முழுக்க அந்தக் குடும்பம் கோயில் திருவிழாவில் புதுப் புடவை கட்டி வந்த கதை இருந்தது. கூழ் ஊற்றும் அன்று அவர்கள் கையில் தங்க வளையல் இருந்ததாம். "அக்கா, வளையல் வழக்கு இல்லையே இது" என்றேன். சிரித்துவிட்டு அவரே அடித்தார். மிஞ்சியது ஆறு வரி.

கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது ரெஜிஸ்டர்டு தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சிறு உரிமைக் கோர்ட்டுக்குப் போக இந்த இரண்டில் ஒன்று வேண்டும், குறைந்தது 14 நாள் அவகாசமும் வேண்டும். வாட்ஸ்அப்பில் கூடுதலாக அனுப்புங்கள், அதற்குப் பதிலாக அல்ல. அவர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட மறுத்தால், எப்போது எங்கே கொடுத்தீர்கள் என்று போலீஸ் ஸ்டேஷனில் ஓர் அஃபிடவிட் எழுதிவிடுங்கள். கட்டணம் கிடையாது.

லீஸில் இரண்டு பேர் கையெழுத்திட்டு, இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று எழுதியிருந்தால், முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பா இருந்தால் அவருக்கும் ஒரு கடிதம். நான் பார்த்தவரை அப்பாவுக்குப் போன கடிதம்தான் வேகமாக வேலை செய்கிறது.

படி 7: பேசி முடிக்க முடிந்தால் முடியுங்கள்

என் கடிதம் கிடைத்த ஒன்பதாம் நாள் போன் வந்தது. "அண்ணா, ஒரேயடியா முடியாது. மாசம் 1,500 தர்றேன்." சரி என்றேன், ஆனால் எழுத்தில். ஒரு பக்கத்தில் கடன் ஒப்புகைப் பத்திரம்: இவ்வளவு பாக்கி என்று ஒப்புக்கொள்கிறேன், மாதம் 1,500 வீதம் முதல் தேதி கட்டுவேன், ஒரு தவணை தவறினாலும் மிச்சம் முழுவதும் உடனே கொடுக்க வேண்டியது, என் இன்றைய முகவரி இது. இரண்டு சாட்சிக் கையெழுத்து.

இந்தத் தாளுக்கு மூன்று பலன். மூன்று வருஷக் கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். தொகையைப் பற்றிய சண்டை முடிந்துவிடும். அவருடைய புது முகவரி அவர் கையாலேயே கிடைத்துவிடும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

நான்கு தவணை ஒழுங்காக வந்தது, 6,000 ரேண்ட். ஐந்தாவது வரவில்லை. மிச்சம் 4,428.

படி 8: எந்தக் கதவைத் தட்டுவது?

மூன்று கதவுகள் இருக்கின்றன.

வீட்டு வாடகைத் தீர்ப்பாயம் மாகாண அரசுடையது, குவாசூலு-நட்டாலுக்கு டர்பனில். கட்டணம் இல்லை. வீட்டுக்காரரும் புகார் கொடுக்கலாம். முதலில் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவின் பலம் உண்டு. டெபாசிட்டைப் பற்றியும் ரிப்பேரைப் பற்றியும் இருதரப்பிலும் புகார் கலந்து கிடந்தால் இது நல்ல இடம்.

சிறு உரிமைக் கோர்ட், வெறும் பணப் பாக்கிக்கு என் முதல் தேர்வு. 2019 ஏப்ரல் 1 முதல் இதன் வரம்பு 20,000 ரேண்ட். பாக்கி அதைத் தாண்டினால் மிஞ்சியதை விட்டுக்கொடுத்து உள்ளே வரலாம். வளையல் அக்காவுக்கு 23,600 வர வேண்டியிருந்தது. 3,600-ஐ விட்டார். வக்கீலுக்குப் போவதைவிட அது மலிவு என்று அவரே கணக்குப் போட்டார். இங்கே வக்கீல்கள் வாதாட முடியாது. வீடு கம்பெனி அல்லது டிரஸ்ட் பெயரில் இருந்தால் வழக்குத் தொடுக்க முடியாது, தனிமனிதர் மட்டும்தான். குடியிருந்தவர் இப்போது வசிக்கும் அல்லது வேலை செய்யும் வட்டாரத்தில் போடலாம். எல்லாம் உங்கள் வட்டாரத்துக்குள்ளேயே நடந்திருந்தால் அங்கேயும் போடலாம்.

தொகை பெரிதானாலோ வீடு கம்பெனி பெயரில் இருந்தாலோ மாஜிஸ்திரேட்டின் மாவட்டக் கோர்ட், 200,000 ரேண்ட் வரை. அதற்குமேல் 400,000 வரை ரீஜனல் கோர்ட். சம்மன் சேர்ந்து பத்துக் கோர்ட் நாளுக்குள் அவர் எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் வராமலேயே தீர்ப்பு வாங்கலாம். எதிர்த்தால் நீளும், செலவும் ஏறும்.

படி 9: சம்மனும் விசாரணை நாளும்

டிமாண்ட் கடிதத்தின் நகல், சேர்ந்ததற்கான சாட்சி, லீஸ், கணக்குத் தாள், ஐடி. இவற்றோடு மாஜிஸ்திரேட் கோர்ட் கட்டடத்தில் இருக்கும் சிறு உரிமைக் கோர்ட் கிளார்க்கிடம் போங்கள். சம்மனை நிரப்ப அவர்களே உதவுவார்கள், அதுதான் அவர்கள் வேலை. சம்மனை நீங்களே நேரில் கொடுக்கலாம், அல்லது ஷெரிஃப் (கோர்ட் உத்தரவுகளைச் சேர்ப்பிக்கும் அதிகாரி) மூலம் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ஷெரிஃபைப் பயன்படுத்துங்கள். பழைய குடியிருப்பாளர் வீட்டு வாசலில் நீங்கள் நின்றால் பேச்சு வளரும், அப்புறம் சண்டை வேறு வழக்காகும்.

உட்கார்ந்து கேட்பவரைக் கமிஷனர் என்பார்கள். சட்டம் படித்தவர், சம்பளம் இல்லாமல் செய்கிறார். பல இடங்களில் மாலை நேரத்தில்தான் அமர்வு. நம் படத்தில் வருகிற மாதிரி வாதம் எல்லாம் கிடையாது, அவரே இருவரையும் கேள்வி கேட்பார். என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "டெபாசிட் வட்டி எங்கே காட்டியிருக்கிறீர்கள்?" விரலை வைத்துக் காட்டினேன். நான்கு நிமிஷத்தில் முடிந்தது.

அக்காவின் விசாரணை அவ்வளவு வழுவழுப்பாகப் போகவில்லை. எதிராளி எதிர்க்கோரிக்கை போட்டிருந்தார்: கீசர் கெட்டபோது தன் கைக்காசு 900 செலவழித்ததாக. அக்கா "அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார். அவர் போனைக் காட்டினார். அக்காவே அனுப்பிய செய்தி: "நீங்க சரி பண்ணிக்கோங்க, பிறகு பார்த்துக்கலாம்." 900 கழிந்தது. நியாயம்தானே. உங்கள் பழைய செய்திகளை எதிராளியின் கண்ணால் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். முக்கியமாக, பாக்கி ஏறியபோது கரண்ட்டை நிறுத்தினீர்களா, தண்ணீரை மூடினீர்களா என்று பாருங்கள். செய்திருந்தால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. சில குறிப்பிட்ட காரணங்களுக்காக மறுபரிசீலனை மட்டும் கேட்கலாம்.

படி 10: தீர்ப்பைப் பணமாக்குவது

தீர்ப்புத் தாளைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டி என்ன பயன்? அவர் கட்டாவிட்டால் மறுபடி கிளார்க்கிடம் போய்ப் பொருள் பறிமுதல் வாரன்ட் கேட்க வேண்டும். ஷெரிஃப் வீட்டுக்குப் போய் விற்கத்தக்க பொருள்களைப் பட்டியல் போடுவார். படுக்கை, துணிமணி, தொழில் கருவி போன்ற அவசியப் பொருள்களை எடுக்க முடியாது. டிவியும் சோபாவும் ஏலத்தில் என்ன விலை போகும் என்று யோசித்துவிட்டே ஷெரிஃபின் செலவுக்கு முன்பணம் கட்டுங்கள்.

சில சமயம் ஷெரிஃபிடமிருந்து "நல்லா போனா" (nulla bona) என்று எழுதிய தாள் வரும். லத்தீன். நம் காதுக்குக் காரியம் நல்லபடியாக நடந்த மாதிரி கேட்கும். பொருள் நேர்மாறு: பறிக்க ஒன்றும் இல்லை. சோர்ந்துபோக வேண்டாம், அதற்கடுத்த வழிதான் பெரும்பாலும் பலிக்கிறது. 1944-ஆம் ஆண்டு மாஜிஸ்திரேட் கோர்ட் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி அவரைக் கோர்ட்டுக்கு அழைத்து, சம்பளம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று விசாரித்துத் தவணை நிர்ணயிக்கச் சொல்லலாம். நிரந்தர வேலையில் இருந்தால் சம்பளத்திலிருந்தே முதலாளி பிடித்து அனுப்பும்படி உத்தரவு கேட்கலாம். முன்பெல்லாம் கிளார்க்கே முத்திரை குத்திவிடுவார். 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை நிறுத்தியது. இப்போது நீதிபதி பார்த்து, அந்த மனிதரால் தாங்க முடியுமா என்று தீர்மானித்த பிறகுதான். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஏற்கெனவே இரண்டு கடையின் கடனுக்குப் பிடித்தம் போகிறது என்றால் உங்களுக்கு இடம் இருக்காது.

வேலையும் இல்லை, பொருளும் இல்லை என்றால்? தீர்ப்பை வைத்துக்கொண்டு காத்திருங்கள். சாதாரணக் கடனுக்கு மூன்று வருஷம் என்றேன். தீர்ப்பான கடனுக்கு முப்பது வருஷம். ஒருநாள் அவர் கார் வாங்கக் கடன் கேட்பார், அன்று உங்களைத் தேடி வருவார். வசூல் ஏஜென்ட்டிடம் கொடுப்பதானால், கடன் வசூலிப்போர் கவுன்சிலில் பதிந்தவரா என்று முதலில் பாருங்கள். இரண்டு தடியன்களை அனுப்புகிறேன் என்கிறவரிடம் போகவே போகாதீர்கள்.

வராத வாடகைக்கும் வரி உண்டு என்பது பலருக்கு அதிர்ச்சி. கையில் வராவிட்டாலும் உங்களுக்குச் சேர வேண்டியதானால் அது வருமானமே. அதை வருமானமாகக் காட்டியிருந்து, இனி வராது என்று ஆகிவிட்டால் வாராக்கடனாகக் கழிக்கலாம். கணக்குத் தாள், டிமாண்ட் கடிதம், "நல்லா போனா" தாள், மூன்றும் வரித்துறை (சார்ஸ்) கேட்டால் காட்ட உதவும்.

அடுத்த லீஸ் எழுதும்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நோட்டீஸ் அனுப்பும் முகவரி என்ற இடத்தில் பெரும்பாலோர் அதே அவுட்பில்டிங் முகவரியைப் போடுகிறார்கள். அவர் போன பிறகு சம்மன் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும். பெற்றோர் வீட்டு முகவரியையோ வேலை இடத்தையோ, கூடவே ஒரு மின்னஞ்சலையும் எழுதி வாங்குங்கள்.

என் 4,428-இல் முதல் ஆயிரம் தீர்ப்பு வந்த வாரமே வந்தது, மிச்சம் இரண்டு தவணையில். கடைசித் தவணையை அவரே கையில் கொண்டுவந்தார். ரசீது எழுதி, "கடன் முழுவதும் தீர்ந்தது" என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நீங்களும் கட்டாயம் கொடுங்கள், அவருக்கு அந்தத் தாள் வேண்டும். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர், "பின்னால இப்ப யார் இருக்காங்க அண்ணா?" என்று கேட்டார்.